இளங்கோழிக்கு இடம் பழகுவது

இரண்டு மூன்று மாத வயதுள்ள விடைக்கோழிகளை வாங்கி வந்து வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் சில வாரங்களில் வரும் கவலைகள் ஏறக்குறைய ஒன்றுதான். கோழி மூலையில் ஒண்டிக்கொண்டு தீனி எடுக்கவில்லை. திறந்துவிட்டால் பக்கத்து வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டது. பொழுது சாய்ந்தும் கூட்டுக்கு வரவில்லை. முன்பே வீட்டில் இருக்கிற கோழிகள் கொத்தி விரட்டுகின்றன. பத்தாம் நாள் ஒன்று கழுத்தைத் தொங்கப்போட்டு நிற்கிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்து ‘இன்னும் இடம் பழகவில்லை’ என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லும்போது மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இடம் தெரியாத பயம் ஒன்று. கூட்டத்தில் தனக்கு என்ன இடம் என்ற சண்டை இன்னொன்று. நோய் மூன்றாவது. முதலாவது ஒரு வாரத்தில் தீரும். இரண்டாவதற்குச் சில வாரங்கள் ஆகும். மூன்றாவது, முன்கூட்டியே தடுக்காவிட்டால், கூட்டத்தையே கொண்டுபோய்விடும். கோழி வளர்ப்பில் நாட்டுப்புறத்தில் வழிவழியாகச் செய்துவருவதையும், நூறாண்டுக்கு மேலாக விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தவர்கள் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு வழி தெரிகிறது. இடத்தை முதலில் சுருக்கிக் கொடுக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரிக்க வேண்டும். ஆசையாக வாங்கி வந்த கோழிக்கு முதல் நாளே தோட்டம் முழுவதையும் திறந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு.

வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி தென்கிழக்காசியக் காடுகளின் ஓரங்களில் வாழ்வது. நெல்லும் தினையும் விளைந்த இடங்களைத் தேடி அது வந்தபோதுதான் மனிதரோடு அதன் உறவு தொடங்கியிருக்க வேண்டும் என்று 2022இல் வெளியான ஆய்வுகள் சொல்கின்றன. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட எலும்புகளையே மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகளாக அந்த ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் வழியும் அதில் கலந்திருக்கிறது. வீட்டுக்கோழியின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு அங்கிருந்து வந்தது என்று 2008இல் தெரியவந்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தப் பறவையிடம் இரண்டு குணங்கள் மாறவில்லை. தலைக்கு மேல் மறைப்பில்லாத வெட்டவெளி அதற்கு ஆகாது. இருட்டுவதற்குள், தனக்குத் தெரிந்த உயரமான ஓர் இடத்தில் போய் அடைய வேண்டும். புது வீட்டில் கோழி செய்கிற ‘முரண்டு’ பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று கிடைக்காததால் வருவது.

எந்த வயதில் கோழி வீட்டுக்கு வருகிறது என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம். பொரித்து ஓரிரு நாளான குஞ்சுக்கு இடம் என்ற ஒன்றே கிடையாது. அதற்குத் தாய்தான் இடம். கண் திறந்ததும் அசைகிற எதையும் குஞ்சு பின்தொடர்வதை டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் 1873இலேயே எழுதினார். 1935இல் கொன்ராட் லோரன்ஸ் அதை விரிவாக ஆராய்ந்த பிறகு உலகம் முழுவதும் அது தெரிந்தது. தாயில்லாமல் ஒற்றையாக வந்த குஞ்சு, வளர்ப்பவரின் காலையே தாயாக எடுத்துக்கொள்ளும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கால் பள்ளிக்கூடத்துக்கோ அலுவலகத்துக்கோ போய்விட்ட நேரமெல்லாம் அது கத்திக்கொண்டே இருக்கும். குஞ்சின் ‘கீச் கீச்’ என்ற அந்த உச்சக்குரல் பெரும்பாலும் பசியால் வருவதில்லை, தனிமையால் வருவது. கூட இன்னொரு குஞ்சை விட்டால் சில நிமிடங்களில் நின்றுவிடும். அதனால் ஒற்றைக் குஞ்சு வாங்கவே கூடாது என்பதை நான் விதியாகவே சொல்வேன்.

இங்கே கலர் குஞ்சுகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. திருவிழாக் கடைகளிலும் தெருமுனைகளிலும் அட்டைப்பெட்டியில் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் ஏற்றி விற்கப்படுபவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழித்துத் தள்ளப்பட்ட சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறிக்கும் சீக்கிரம் எடை கூடாது என்பதால் அவற்றுக்கு அங்கே வேலை இல்லை. பொரிக்கும் முன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் வரை குஞ்சைத் தாங்கும். பெட்டியில் துள்ளிக்கொண்டிருக்கிற குஞ்சு நலமாக இருக்கிறது என்று நாம் நம்புவது அந்தக் கையிருப்பைப் பார்த்துத்தான். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் அது தீரும்போது குஞ்சு தண்ணீர் குடிக்கவும் கொத்தவும் பழகியிருக்காவிட்டால் சரிந்துவிடும். சாயத்தில் நனைந்து காய்ந்தபோதே அது சூட்டையும் இழந்திருக்கும். குழந்தையின் கையில் அது செத்துப்போவதற்குக் குழந்தையைக் குறை சொல்லி என்ன பயன்? வந்தவுடன் அலகை ஒரு முறை தண்ணீரில் மெல்ல நனைத்துக் காட்டுவது, முதல் சில மணி நேரம் வெல்லத் தண்ணீரோ குளுக்கோஸ் தண்ணீரோ வைப்பது, பிறகு மக்காச்சோள ரவையைக் காகிதத்தின் மேல் தூவிக் கொத்தவிடுவது, ஒரு ஓரத்தில் குண்டு பல்பு போட்டு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு கொடுத்து வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைப்பது ஆகிய இவ்வளவும் செய்தால் அவற்றிலும் பல பிழைக்கும். பல்பின் உயரத்தைக் குஞ்சுகளே சொல்லிவிடும்: அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கினால் சூடு போதவில்லை, வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஓடினால் அதிகம். சித்திரை வைகாசியில் நம் ஊரில் பகலில் பல்பே தேவைப்படாது, விடியற்காலைக்குத்தான் வேண்டும். பிழைத்தவை சேவலாகும், கூவும் என்பதை வாங்கும்போதே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாறு வாரத்தில் இறகு முழுதும் வந்துவிடும். அதற்குப் பிறகு செயற்கைச் சூடு வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் உள்ள கோழியைத்தான் புதிதாக வளர்க்கிறவர்கள் வாங்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரே ஈட்டுக் கோழிகளாக மூன்று நான்கு வாங்குவது இன்னும் நல்லது. அமெரிக்காவில் கான்சாஸைச் சேர்ந்த கூல் என்பவர் கோழிக் கூட்டங்களை நெடுங்காலம் கவனித்து, குஞ்சுகளுக்குள் யார் பெரியவர் என்ற வரிசை ஏழு முதல் பத்து வாரத்துக்குள் அமைந்துவிடுகிறது என்று கண்டார். ஒன்றாக வளர்ந்த மூன்று விடைகள் புது வீட்டுக்கு வரும்போது அந்த வரிசையும் கூடவே வந்துவிடுகிறது. இடம் மட்டும்தான் புதிது, உறவு பழையது. மூன்று வெவ்வேறு இடங்களில் ஒவ்வொன்றாக வாங்கினால் இரண்டும் புதிதாகிவிடும்.

கோழி எப்படி வளர்ந்தது என்று விற்பவரிடம் கேட்பவர்கள் குறைவு. விலையும் வயதும் கேட்பார்கள், அவ்வளவுதான். ஸ்வீடனில் குன்னர்சன் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியின் அவசியத்தைக் காட்டுகிறது. எட்டு வாரம் வரை ஏறி உட்காரக் கம்பு இல்லாமல் வளர்ந்த கோழிகளைப் பிறகு கம்பு உள்ள இடத்தில் விட்டு, பதினாறாவது வாரத்தில் உயரத்தில் தீனி வைத்துச் சோதித்தார்கள். உயரம் கூடக்கூட அவை திணறின. சின்ன வயதிலேயே கம்பு ஏறிப் பழகியவை எளிதாகப் போய் எடுத்தன. காலில் வலு இல்லாததுதான் காரணம் என்றால் குறைந்த உயரத்திலும் அந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. உயரத்தைக் கணக்கிட்டு ஏறும் அறிவே இளமையில் பயின்று வருவது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். தாய்க்கோழியோடு கொல்லையில் மேய்ந்த சிறுவிடை இன நாட்டுக்கோழிக் குஞ்சு இரண்டு மூன்று வாரத்திலேயே தத்தித் தத்தி ஏறத் தொடங்கிவிடுகிறது. ஆழ்கூளக் கொட்டகைத் தரையில் ஆயிரத்தில் ஒன்றாக வளர்ந்ததற்கு அந்தப் பயிற்சி இல்லை. அதை வாங்கி வந்து ஐந்தடி உயரத்தில் கம்பு வைத்துவிட்டு, ‘மக்கு, ஏறவே மாட்டேன் என்கிறது’ என்று சொல்வது நியாயமில்லை. ஓரடி உயரத்தில் ஒரு கம்பு, அதிலிருந்து சாய்வாக அடுத்தது என்று வைக்க வேண்டும். கம்பின் மேல்பக்கம் தட்டையாக, ஒரு கோழிக்கு அரையடி நீளத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். தாய் வளர்த்த கோழிக்குப் பயமும் பொதுவாகக் குறைவு, மற்றவற்றின் இறகைப் பிடுங்கும் பழக்கமும் குறைவு.

கோழியைக் கொண்டு வருகிற விதத்தில் நம் வழக்கம் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். சந்தையில் இரண்டு காலையும் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்து வருவதைச் சொல்கிறேன். பறவைக்கு நம்மைப்போல் மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிடையாது. தலைகீழாகும்போது குடலும் ஈரலும் காற்றுப்பைகளை அழுத்தி மூச்சு முட்டும். அது துடிப்பதை நிறுத்திவிட்டால் அமைதியாகிவிட்டது என்று பொருள் இல்லை. பயம் முற்றினால் கோழி அசையாமல் கிடக்கும், ஆய்வாளர்கள் கோழியின் பயத்தை அளப்பதே அந்த அசையாமையை வைத்துத்தான். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் கொஞ்சம் வைக்கோல், உள்ளே அரையிருட்டு. இது போதும். குஞ்சாக இருந்தால் காலையில் கொண்டுவர வேண்டும், தண்ணீர் குடித்ததா என்று பார்க்கப் பகல் முழுதும் வேண்டும். வளர்ந்த விடையாக இருந்தால் பொழுது சாய ஒரு மணி நேரத்துக்கு முன் வீடு சேர்வது நல்லது. தண்ணீர் குடித்து, நாலு கொத்து கொத்திவிட்டு இருட்டில் அடங்கிவிடும்; விடிந்ததும் அது பார்க்கும் முதல் இடம் அந்தக் கூடாகவே இருக்கும்.

வந்து இறங்கிய கோழியைச் சற்று உட்கார்ந்து கவனித்தால் பல விஷயம் தெரியும். பெட்டியைத் திறந்ததும் வெளியே வராது. கழுத்தை முழு நீளத்துக்கு நீட்டி, இறகை உடம்போடு ஒட்டவைத்து, ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்க்கும், பிறகு திருப்பி மறுகண்ணால் அதையே பார்க்கும். கோழிக்கு இரண்டு கண்ணும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒரு கண்ணை மூடிவிட்டுக் குஞ்சுகளைச் சோதித்த ஆய்வுகளில், இடக்கண்ணால் பார்த்தவை இடத்தின் அமைப்பை வைத்துத் தீனியைத் தேடின. வலக்கண்ணால் பார்த்தவை பொருளின் நிறத்தையும் வடிவத்தையும் பிடித்துக்கொண்டன. அந்தத் தலைசாய்ப்பில் பயம் மட்டும் இல்லை, அது இடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. அரை மணியில் தரையைக் கீறும். ஒன்று கீறினால் மற்றதும் கீறும். இறகைக் கோதத் தொடங்கினால் பயம் இறங்கிவிட்டது. மண்ணில் புரண்டு குளிக்கத் தொடங்கினால் அது அந்த இடத்தை நம்பிவிட்டது. கண்ணை மூடிச் சாய்ந்து கிடக்கிற அந்த நிலையில் ஓட முடியாது என்பதால், அச்சமுள்ள இடத்தில் கோழி அதைச் செய்வதில்லை. ஆகவே கூட்டுக்குள்ளேயே ஒரு பழைய பேசினில் காய்ந்த மண்ணும் கொஞ்சம் சாம்பலும் வைப்பது வீண் செலவு அல்ல.

முதல் நாள் தீனி எடுக்காவிட்டால் பதற வேண்டாம். வெறும் வயிற்றுக் கோழியின் எச்சம் பித்தநீர் கலந்து பச்சையாக வரும். இரண்டாம் நாள் தின்னத் தொடங்கியதும் சரியாகிவிடும். விற்றவர் என்ன தீனி போட்டாரோ அதையே ஒரு வாரத்துக்காவது வாங்கிப் போட்டு, பிறகு மெல்ல மாற்ற வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தை மட்டும் இளங்கோழிக்குப் போடக் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை நான்கு சதவீதம் இருக்கும்; முட்டையிடாத கோழிக்கு ஒரு சதவீதமே போதும், மீதி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இனி நோய். நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் கேட்டால் வெள்ளைக்கழிச்சலைத்தான் முதலில் சொல்வார்கள். மருத்துவத்தில் அது ராணிக்கெட் நோய். இமயமலை ஊர் ஒன்றின் பெயரை இந்தியாவில் பெற்றது. ஏறக்குறைய அதே காலத்தில், 1920களில், இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டதால் மற்ற நாடுகளில் நியூகாசில் நோய். புதுக்கோழி வந்த பத்து நாளில் பழைய கோழிகளெல்லாம் சாவதை ‘கண்ணு பட்டுவிட்டது’ என்று சொல்வதுண்டு. பட்டது பெரும்பாலும் இந்த வைரஸ்தான். உடம்பில் புகுந்து நோயாக வெளிப்பட இது எடுத்துக்கொள்ளும் காலம் பெரும்பாலும் ஐந்தாறு நாள். ஆனால் உலக விலங்கு நல அமைப்பு தன் விதிகளில் 21 நாள் என்று வைத்திருக்கிறது. ஆகவே மூன்று வாரம் புதுக்கோழியைத் தனியே வைக்க வேண்டும். தனியே என்றால் உண்மையாகவே தனியே. வலைக்கு இந்தப் பக்கம் புதியது, அந்தப் பக்கம் பழையது என்று முதல் நாளிலிருந்தே பக்கத்தில் வைக்கச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். முகம் பழக அது நல்ல வழி. நோய்க்கு அது தடுப்பே இல்லை. காற்றிலும் எச்சத்திலும் நம் செருப்பிலும் போகிற வைரஸை வலை என்ன செய்யும்? வீட்டுக்கு முன்புறம் ஒன்று, கொல்லையில் ஒன்று என்று பிரித்து, பழைய கோழிக்கு முதலில் தீனி வைத்துவிட்டுப் பிறகு புதியதைப் பார்க்கப் போவது, தண்ணீர்க் கிண்ணத்தைப் பொதுவாக்காமல் இருப்பது, கை கால் கழுவுவது என்ற ஒழுங்கு வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி விவரத்தை விற்றவரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளலாம். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, ஒரு மாத வாக்கில் லசோட்டா, எட்டு வாரத்துக்கு மேல் இறக்கையின் தோலுக்கடியில் ஆர்.டூ.பி. ஊசி என்பது பொதுவான முறை. போடவில்லை என்றால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிட வேண்டும். போட்ட அன்றே காப்பு வந்துவிடாது. ஒன்றிரண்டு வாரமாகும், அதனாலும் மூன்று வாரத் தனிமை பொருந்திவருகிறது. பயணக் களைப்போடு வந்து இறங்கிய அன்றே ஊசி போடாமல் இரண்டு மூன்று நாள் தேற விடுவது நல்லது. இளங்கோழிகளைக் கொல்லும் இன்னொன்று இரத்தக்கழிச்சல். மூன்று வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதம் வரையுள்ளவற்றைத்தான் அது குறிவைக்கும். ஈரக் கூளத்தில் ஓரிரு நாளிலேயே அதன் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் கூடு நனைந்து கிடந்தால் எவ்வளவு மருந்து கொடுத்தும் மீளாது. தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு செங்கல் உயரத்தில் வைத்து, நனைந்த கூளத்தை அன்றாடம் அள்ளி எறிவதே பாதி மருத்துவம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு நின்றால் இடம் பழகவில்லை என்று காத்திருக்கக் கூடாது.

வீட்டில் வேறு கோழியே இல்லாதவருக்கு இந்த மூன்று வாரம் சுமையே அல்ல. இடம் பழகும் காலமும் அதற்குள் அடங்கிவிடும். இங்கேதான் நம் பழைய வழக்கம் கைகொடுக்கிறது. புதிதாக வந்த கோழியைப் பஞ்சாரம் என்கிற மூங்கில் கூடையால் கவிழ்த்து மூடி, அது இனித் தங்க வேண்டிய இடத்திலேயே சில நாள் வைத்திருப்பார்கள். மூங்கில் பிளாச்சின் இடைவெளி வழியாக வாசல், கிணற்றடி, வைக்கோல் போர், வந்து போகிற ஆட்கள், கட்டிக்கிடக்கிற நாய் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அதனாலும் ஓட முடியாது, அதையும் யாரும் நெருங்க முடியாது. மேலே ஒரு சாக்கைப் போட்டால் தலைக்கு மறைப்பும் கிடைத்துவிட்டது. கோழிக்குஞ்சுகள் அடைப்பின் வடிவத்தை நினைவில் வைத்து மூலையைக் கண்டுபிடிக்கும் என்பதும், பூமியின் காந்தப்புலத்தைக்கூடத் திசைகாட்டியாகக் கொள்ளும் என்பதும் (2005இல் வெளியான ஆய்வு இது) ஆய்வகங்களில் தெரியவந்தவை. அப்படிப்பட்ட பறவைக்கு ஒரே இடத்திலிருந்து சுற்றுப்புறத்தைப் பல நாள் பார்க்கக் கிடைப்பது பெரிய வசதி. பஞ்சாரத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை வேறு வேறு இடத்தில் வைத்தால் அந்தப் பயன் போய்விடும். நகரத்தில் பஞ்சாரத்துக்குப் பதில் கம்பிவலைக் கூண்டு. ஒரு வாரம் முழுதும் கூண்டிலேயே வைப்பது கொடுமை என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு கோழிக்கு மூன்று நான்கு சதுரஅடியாவது இருந்து, கம்பும் மண்ணும் தண்ணீரும் இருந்தால், தெரியாத வெட்டவெளியைவிட அந்தச் சின்ன இடத்தையே அது விரும்பும்.

எல்லா நாட்டுமுறையும் இப்படிக் கைகொடுப்பதில்லை. காலில் கயிறு கட்டி முளையில் பிணைப்பது கெட்டது. நாயோ பருந்தோ வந்தால் ஓட வழியில்லை. இழுத்து இழுத்துக் கால் வீங்கி நொண்டியான கோழிகள் எத்தனையோ. இறக்கையை வெட்டுவதும் இளங்கோழிக்குப் பயன்படாது. முழு வளர்ச்சிக்குள் அது இறகைச் சிறிது சிறிதாகப் பலமுறை மாற்றிக்கொள்வதால் வெட்டியது சில வாரத்தில் முளைத்துவிடும். வளர்கிற இறகின் அடியில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், அதை வெட்டினால் நிற்காமல் வடியும்.

மொட்டைமாடியில் வளர்ப்பவர்கள் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தளத்தின் சூடு மாலை வரை அடியிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். கீற்றுக் கூரையும், கூண்டுக்கடியில் ஓரடி இடைவெளியும், நிழலில் மண்சட்டித் தண்ணீரும் இல்லாமல் கோடையில் அங்கே புதுக்கோழியைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். கிராமத்தில் கீரி பகலில் வரும், மரநாய் இரவில் வரும். ஆறு கோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்குமே தவிர மரநாயை வெளியே வைக்காது. அரை அங்குலக் கட்டத்தில் வெல்டு மெஷ் போட்டு, அடியில் ஓரடி மண்ணுக்குள் இறக்க வேண்டும்.

பழைய கோழிகளோடு சேர்ப்பது மூன்று வாரத்துக்குப் பிறகுதான். கோழிகளுக்குள் கொத்தும் வரிசை ஒன்று இருப்பதை 1920களின் தொடக்கத்தில் எழுதியவர் நார்வேக்காரரான ஷெல்டருப் எப்பே. சிறுவயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கூர்ந்து கவனித்துவந்தவர். யார் யாரைக் கொத்தலாம் என்பது முடிவாகிவிட்ட கூட்டத்தில் சண்டை குறைவு. புதியது வந்தால் அந்த ஏற்பாடு முழுவதும் கலையும், புதியதற்குக் கடைசி இடம்தான் கிடைக்கும். சில நூறு கோழிகள் உள்ள பண்ணையில் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்ள முடியாததால் இது அவ்வளவு தெரியாது. ஐந்தாறு கோழி உள்ள வீட்டில்தான் கடுமையாக இருக்கும். இருட்டியபின் புதுக்கோழியைப் பழையவற்றின் நடுவே கம்பில் உட்கார்த்திவிட்டால் விடிந்ததும் ஏற்றுக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. இரவு அமைதியாகப் போகும் என்பதுவரை உண்மை. விடிந்து கண் தெரிந்ததும் கொத்து விழும். மூடிய கூட்டுக்குள் ஓட இடமில்லாமல் தலையில் இரத்தம் வரும், இரத்தத்தைப் பார்த்தால் மற்றவையும் கொத்தும். இப்போதுதான் நடுவில் வைக்கும் வலைக்குப் பயன்: ஒரு வாரம் பத்து நாள் ஒன்றையொன்று பார்க்கட்டும். பிறகு பகலில், திறந்த வெளியில், தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடத்தில் வைத்து, புதியவற்றை ஒன்றாக விட வேண்டும். ஒற்றையாக விட்டால் எல்லாக் கொத்தும் அதன் மேலேயே விழும். உடல் அளவு ஏறக்குறைய சமமாகும்வரை, அதாவது மூன்று மூன்றரை மாதம்வரை, காத்திருப்பது பாதுகாப்பு. ஒளிந்துகொள்ள ஒரு சாய்த்த பலகையோ, மண்டிய செடியோ இருந்தால் பெரிய சண்டையும் துரத்தலோடு முடிந்துவிடும். அவ்வப்போது ஒரு கொத்து விழுவது வரிசை அமைவதன் பகுதி. நாம் குறுக்கே புகுந்து பிரித்துக்கொண்டே இருந்தால் அது அமைவதே தள்ளிப்போகும்.

திறந்துவிடும் நாளில் காலையில் திறக்காமல் மாலையில், பொழுது அடைய ஒரு மணி நேரம் இருக்கும்போது, வழக்கமான தீனியை இன்னும் வைக்காமல் திறக்க வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. அந்தியில் அதற்குத் திரும்பும் அவசரம் உண்டு, அந்த அவசரத்தை நமக்குச் சாதகமாக்குகிறோம். அதற்கு முன்பே, அடைத்து வைத்திருந்த நாட்களில், தீனி போடும்போதெல்லாம் ஒரே குரலில் ‘பா... பா... பா...’ என்றோ தகர டப்பாவைத் தட்டியோ கூப்பிட்டுப் பழக்கியிருக்க வேண்டும். குஞ்சுக்குத் தீனியைக் காட்டத் தாய்க்கோழி எழுப்பும் விரைந்த ஒலியின் இடத்தில் நம் குரல் போய் உட்கார்கிறது. முதல் மாலை வாசல்படியைத் தாண்டிப் பத்தடிகூடப் போகாது. மறுநாள் இன்னும் அரை மணி முன்னதாகத் திறக்கலாம். ஒரு வாரத்தில் பகல் முழுவதும் விடலாம்.

அந்த முதல் சில மாலைகளில் ஒன்றிரண்டு கூட்டுக்குள் போகாமல் கூரைமேலோ, முருங்கை மரத்திலோ, துவைக்கிற கல்லுக்குப் பின்னாலோ அடைந்துவிடும். விட்டுவிட்டால் அதுவே அதன் இடமாகிவிடும். வெளிச்சம் இருக்கும்போது துரத்திப் பிடிக்கக் கூடாது. துரத்தியவரை அது மறக்காது. நன்றாக இருட்டியபின் டார்ச்சை முகத்தில் அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்து, இறக்கையோடு சேர்த்து இரண்டு கையாலும் எடுத்து, கூட்டுக்குள் மற்றவற்றின் அருகே கம்பில் உட்கார்த்திக் கதவைச் சாத்த வேண்டும். பெரும்பாலானவை மூன்று நான்கு மாலையில் தாமாகவே வந்துவிடும். அதற்கு மேலும் ஒன்று மரத்துக்கே போனால் கூட்டில் குறை இருக்கிறதா என்று பார்க்கலாம்: கம்பு மரத்தைவிடத் தாழ்வாக இருக்கலாம், உள்ளே செள்ளுப் பூச்சி ஏறியிருக்கலாம், அல்லது வாசலிலேயே மூத்த கோழி ஒன்று நின்று விரட்டிக்கொண்டிருக்கலாம். செள்ளு இருக்கிறதா என்று அறிய இரவில் கம்பின் அடிப்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் போதும். சிவப்பாகத் தீற்றல் விழுந்தால் கூட்டைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் இரண்டு நாள் காயவிட்டு, மறுபடி அடைத்துவைப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.